லேபிள் வெட்டின புத்தகம்

மங்கலம் ரோடு, திருப்பூர்
19-1-2025

ஏனுங்க,

கையில போன் இருக்க இவ எதுக்குக் காயிதம் எழுதறாள்னு நெனப்பீங்க. போன்ல பேசினா ரெண்டாவது வார்த்தைக்கே நீங்க கத்தறீங்க, மூணாவது வார்த்தைக்கு நான் கத்தறேன். நம்ம ஊட்டுல கதவைச் சாத்தினாலும் அக்ஷராவுக்குக் கேக்குது. அன்னைக்கு நீங்க "ஹாஸ்டல்ல கொண்டு தள்ளு"ன்னு சொன்னது ஸ்பீக்கர்ல தெளிவாக் கேட்டுருச்சு. புள்ள சோறு திங்காமப் படுத்துட்டா. அதனால இந்தப் பேச்சு இனிமே எழுத்துலதானுங்க. கென்யாவுல உங்க மொம்பாசா கம்பெனிக்கு லேபிள், பட்டன் எல்லாம் போற பார்சல் திருப்பூர் ஆபீஸ்லிருந்துதானே கெளம்புது, அதுல வெச்சு அனுப்பச் சொல்லியிருக்கேன்.

டி.சி.யை ஏன் வாங்கினேன்னு நீங்க கேக்கவே இல்லை, யாரைக் கேட்டு வாங்கினேன்னுதான் கேட்டீங்க. ஏன்னு சொல்றேன், கேளுங்க. எட்டாங்கிளாஸ் படிக்கற புள்ளைய, ஸ்பெல்லிங் வரலைன்னு, இங்கிலீஷ் பீரியட்டுக்கு மட்டும் நாலாங்கிளாஸ்ல கொண்டுபோய் உக்கார வெச்சாங்க. நம்ம புள்ள டீச்சரை விட ஒசரம். அந்தச் சின்ன பெஞ்சுல முட்டியை மடக்கி வெக்க எடம் இல்லாம ஓரமாத் திரும்பி உக்காந்திருந்தா. பீஸ் கட்டப் போனவ ஜன்னல்ல பாத்தேன். அரைப்பரீட்சை லீவு முடிஞ்சதும் போய் டி.சி. கேட்டுட்டேன். ஊட்டுலயே படிச்சு, ஓப்பன் ஸ்கூல்ல பத்தாவது எழுதலாம்னு சொல்றாங்க.

அவ மக்கு இல்லீங்க. கணக்கு நல்லாப் போடறா. வாயில கேளுங்க, பதில் வரும். எழுதச் சொன்னாத்தான் ஒரே வார்த்தையை ஒரே பக்கத்துல மூணு விதமா எழுதறா.

இப்ப ஸ்பெல்லிங்குக்கு ஒரு ப்ரோக்ராம் பாக்கோணும். மூணு இருக்குது. ஒண்ணு போன்ல வெளையாட்டு மாதிரி, சரியா எழுதினாக் காசு கொட்டுது, ஒரு கிளி கைதட்டுது. இன்னொண்ணு வாரம் இருவது வார்த்தை மனப்பாடம், வெள்ளிக்கிழமை டெஸ்ட். மூணாவது எழுத்தெல்லாம் சின்னச் சின்ன வில்லையா வரும், ஒவ்வொரு சத்தமா அடுக்கி வார்த்தை கட்டோணும். எதை எடுக்கறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்கதான் நாலையும் அலசி வாங்கற ஆள். சொல்லுங்க.

இத எழுதறப்ப நம்ம பழைய கம்பெனி நெனப்பு வந்துருச்சு. கட்டிங்ல வெட்டின துணியெல்லாம் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டைன்னு சேத்து பண்டிலாக் கட்டி நம்பர் எழுதின சீட்டு வெச்சு என்ற மிசினுக்கு வருமில்லீங்க? நீங்க மட்டும் அந்தச் சீட்டு அடியில "எல்லாப் பீசும் இருக்கு, தைக்கலாமா?"ன்னு ஒரு வரி சேத்து எழுதுவீங்க. நான் ஒரு மாசம் அது வேலைக் கேள்வின்னே நெனச்சுட்டு "தைக்கலாம்"னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். லைன்ல அத்தனை பேரும் சிரிச்சாங்க. அப்புறம் வெவரம் புரிஞ்சு, நான் ரிட்டன் பண்டில்ல "ஒரு கை குறையுதுங்க"ன்னு எழுதி அனுப்பினேன். நமக்கெல்லாம் எழுத்து புதுசா என்ன?

கோவத்தை வெச்சுட்டுப் பதில் போடுங்க.

அமராவதி


மொம்பாசா
8-2-2025

அமராவதிக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டன் பாக்கெட்டுக்கு நடுவில் கெடந்ததைப் பார்த்து ஸ்டோர்க்காரன் "சார், இது எந்த ஸ்டைலுக்கு?" என்று கேட்டான். என் வீட்டு ஸ்டைல்டா என்று சொல்லி வாங்கினேன்.

கோபத்தை வைத்துவிட்டு எழுது என்கிறாய். எங்கிட்டு வைக்க? அப்ரூவல் வராம நாம ஒரு பீசாவது வெட்டியிருக்கோமா? பிள்ளையோட படிப்பை நீ ஒருத்தியா முடிவு பண்ணி வெட்டிட்டு, இப்போ எந்த நூல் போட்டுத் தைக்கலாம்னு என்கிட்ட கேக்க. நான் இங்கன கெடக்கேன் என்கிறதுக்காக எனக்கு அந்தப் பிள்ளை மேல உரிமை இல்லாமப் போச்சா?

சரி. நடந்தது நடந்து போச்சு. பெஞ்சில் திரும்பி உக்காந்திருந்தா என்று எழுதியிருக்க, அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிச்சேன். எனக்கும் மனசு கெட்டுப் போச்சு.

மூணு ப்ரோக்ராமையும் நெட்டில் பார்த்தேன். கிளி வேண்டாம். அதில் வெளையாட்டுதான் வரும், எழுத்து வராது. வில்லை அடுக்குறது சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளது. மனப்பாடம்தான் நாம படிச்ச முறை, அதையே எடுப்போம். நானே ஆர்டர் போட்டுட்டேன், எட்டாவது லெவல். வயசுக்குத் தக்க எடுக்கணும் அமராவதி. ஏற்கெனவே நாலாங்கிளாஸில் உக்கார வச்ச பிள்ளை. வீட்டிலயும் சின்னப் பிள்ளை புத்தகத்தைக் கொடுத்தால் கூனிக் குறுகிப் போயிரும்.

ஆனால் ஒண்ணு. நம்ம பழைய கம்பெனிச் சிநேகிதன் தனபாலிடம் ஹாஸ்டல் ஸ்கூலில் ஒரு சீட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். மே மாசம் லீவில் வாரேன். அதுக்குள்ள பிள்ளை எழுத்தில் முன்னேற்றம் தெரிஞ்சா வீட்டில் இருக்கட்டும். இல்லைன்னா ஜூனில் ஹாஸ்டல். இதில் மாத்தம் இல்லை.

அவ பிறந்தப்போ நைட் ஷிப்ட் முடிச்சு, மிச்சத் துணியில் ஒரு குட்டிப் பனியன் வெட்டி எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன், ஞாபகம் இருக்கா? அளவு தெரியாமல் என் உள்ளங்கையை வச்சு வெட்டினது. நீ போட்டுப் பார்த்துட்டு, "இதுல ரெண்டு புள்ளைய நுழைக்கலாமுங்க" என்றாய். இங்கே ராவில் கடல் காத்து அடிக்கும்போது அதுதான் நினைப்பு வருது.

பாண்டித்துரை


திருப்பூர்
9-3-2025

ஏனுங்க,

எட்டாவது லெவல் பொட்டி வந்துச்சு. அட்டையெல்லாம் பெரிய மனுசத்தனமா நல்லாத்தான் இருந்துச்சு. புள்ளையும் ஆசையா உக்காந்தா.

திங்கக்கிழமை இருவது வார்த்தை. தெனமும் எழுதி எழுதி வெள்ளிக்கிழமை டெஸ்ட்ல பாதிக்கு மேல சரி. நானும் சந்தோசப்பட்டு அவளுக்குப் புடிச்ச தேங்காப்பால் செஞ்சேன். அடுத்த திங்கக்கிழமை சும்மா அதுலயே நாலு வார்த்தை கேட்டேன். ஒண்ணுகூட வரலீங்க. ஒண்ணுகூட! அவளே முழிச்சுட்டு நின்னா. மூணு வாரமும் இதே கதை. அப்புறம் ஒரு நாள் புத்தகத்தைக் காணோம். தேடு தேடுன்னு தேடினா, ஓவர்லாக் மிசினுக்குக் கீழ இருக்கற வேஸ்ட் துணி மூட்டைக்குள்ள அமுக்கி வெச்சிருக்கா. எடுத்துட்டுப் போய் நீட்டினேன். அழுவான்னு பாத்தா அழுகலை. "அம்மா, எனக்கு மட்டும் ஏம்மா ஒண்ணும் தங்க மாட்டேங்குது?"ன்னு கேட்டா. நாந்தான் அழுதேன்.

கோயமுத்தூர்ல சித்ராதேவின்னு ஒரு டீச்சரம்மா, இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னே சொல்லிக் குடுக்கறவங்க. போன்ல அவளைப் பேச வெச்சு, எழுத வெச்சுப் பாத்தாங்க. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. கடைசில என்னைத் தனியாக் கூப்புட்டு, "அந்த வில்லைப் பொட்டியை வாங்குங்க. மொதல் லெவல்லிருந்து ஆரம்பிங்க"ன்னாங்க. பதிமூணு வயசுப் புள்ளைங்கன்னு சொன்னேன். "வயசைப் பாக்காதீங்க. சத்தத்தைப் பிரிச்சுக் கேக்கறதுலயே ஓட்டை இருக்குது. ஓட்டையை விட்டுட்டு மேல எதைப் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்"னாங்க.

எனக்கு அப்பவே உங்க மேல கோவம் வந்துச்சுங்க. வயசுக்குத் தக்க எடுன்னு எழுதினீங்களே, நீங்க பனியன்காரர்தானே? பதிமூணு வயசுன்னு லேபிள் போட்ட சட்டை நம்ம புள்ளைக்கு எந்தக் காலத்துல பத்துச்சு? கடையில லேபிளைப் பாத்தா வாங்குவோம்? புள்ளையைத் திருப்பி நிக்க வெச்சு, முதுகுல வெச்சுப் பாத்துத்தானே வாங்குவோம்? துணிக்குத் தெரிஞ்ச நாயம் படிப்புக்கு மறந்து போச்சா உங்களுக்கு?

ஆனா உங்களை வெய்யறதோட தீரலை. வில்லைப் பொட்டியை வாங்கிப்போட்டேன். புத்தகத்துல பெருசா "லெவல் 1". அட்டையில கரடிக்குட்டி பலூன் புடிச்சுட்டு நிக்குது. அக்ஷரா பாத்தா. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. பக்கத்தூட்டுப் புள்ளைக வந்தாப் பாத்துருமேன்னு அவளுக்கு வெக்கம். நீங்க சொன்ன மாதிரிதான் ஆச்சு, அதையும் ஒத்துக்கறேன்.

பெருசு தங்க மாட்டேங்குது. சின்னதைத் தொட மாட்டேங்கறா. எனக்கு ஒண்ணும் ஓடலை. மே மாசம் மே மாசம்னு காலண்டரைப் பாத்தாலே வெசனமா இருக்குது. இவளை உட்டுட்டு நான் எப்படிங்க இருப்பேன்?

அமராவதி


மொம்பாசா
27-3-2025

அமராவதி,

நல்லா வைஞ்சிருக்க. வாசிச்சுட்டு எனக்கே சிரிப்பு வந்துட்டு. இருவது வருசமா சைஸ் சார்ட்டைக் கையில் வச்சுக்கிட்டு அலையுதேன், என் பிள்ளைக்கு லேபிளைப் பார்த்து வாங்கியிருக்கேன். இங்கே எவனாவது கேட்டால் என் மானம் போயிரும்.

நீ பாதியில் நிறுத்திட்ட, மிச்சத்தை நான் சொல்லுதேன். நம்ம கல்யாணம் முடிஞ்ச புதுசுல ஞாயித்துக்கிழமை காதர்பேட்டை போவோமே. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சின டி-சர்ட்டுகளை மலை மாதிரிக் கொட்டி வச்சிருப்பான். கழுத்தில் இருக்கிற கம்பெனி லேபிளை எல்லாம் பிளேடு வச்சு வெட்டியிருப்பான். அதில் பொறுக்கித்தானே எனக்கு ஒரு நீலம் எடுத்துக் குடுத்த? அதைப் போட்டுட்டு நான் உங்க அய்யன் முன்னாடி வந்து நின்னேன். பொண்ணைக் கூட்டிட்டுப் போன தெக்கத்திப் பயலே என்று திட்ட வந்த மனுசன், "சட்டை எங்க எடுத்தீங்க மாப்ளே?" என்று கேட்டார். லேபிள் இருந்தால் அது சின்னப் பையன் சைஸ் என்று தெரிஞ்சிருக்கும். எனக்குக் கச்சிதமா இருந்தது, அம்புட்டுதான்.

அதனால் வெட்டு. அட்டையைக் கிழிச்சுப் போடு. உள்ளே எங்கெல்லாம் லெவல் என்று இருக்கோ, அங்கெல்லாம் பிளேடை வை. கரடியைத் தூக்கிக் குப்பையில் போடு. மிச்சம் உள்ளதை ஒண்ணாச் சேர்த்து, நம்ம வீட்டில் கெடக்கிற கறுப்புத் துணியில் உறை தைச்சுப் போடு.

இந்தப் பார்சலில் ஒரு சின்ன ரோல் இருக்கும், பார். இங்கே லேபிள் அடிக்கிற மிசினில் ஒரு பையனைக் கெஞ்சிக் கூத்தாடி அடிச்சு வாங்கினேன். சைஸ் நம்பர் வர்ற எடத்தில் "அக்ஷரா" என்று மட்டும் இருக்கும். அதை அந்த உறை மேல வச்சுத் தை. இது அவ சைஸ் புத்தகம், வேற யாருக்கும் பத்தாது என்று சொல்லு.

மே மாசப் பேச்சு அப்படியேதான் இருக்கு. பாப்போம்.

பாண்டித்துரை


திருப்பூர்
20-4-2025

ஏனுங்க,

இந்தக் காயிதத்தை ரெண்டு வாட்டி எழுதறேன். மொதல்ல சந்தோசமா எழுதினேன். அதை அப்படியே எழுதிப்போட்டு அப்புறம் ரெண்டாவதுக்கு வர்றேன்.

லேபிள் ரோலைப் பாத்ததும் அக்ஷரா விரல்ல சுத்தி வெச்சுட்டு ஊடெல்லாம் நடந்தா. உறையை அவளே தெச்சா. லேபிளை நாலு மூலையும் தையல் போட்டு நிறுத்தினா. ஒரு வாரம் கழிச்சு எதுத்தூட்டுப் பொன்னுச்சாமி அண்ணன் புள்ளை வந்து "இது என்ன புக்கு?"ன்னு கேக்குது. இவ அசால்ட்டா, "என்னுது. உனக்குப் புரியாது"ங்கறா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

தெனமும் காலையில சித்த நேரந்தான். ஒரு வார்த்தையைச் சொல்லுவேன். அவ ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வில்லையை இழுத்து வெப்பா. மொத வாரம் மூணு சத்தம் தாண்டலை. அப்புறமேலு அவளே ஒண்ணு கண்டுபுடிச்சா. "அம்மா, இது பண்டில் மாதிரி. முன்பக்கம், பின்பக்கம், கைன்னு பிரிச்சு வெச்சுட்டா ஜாயிண்ட் பண்றது ஈசி"ங்கறா. அதுலிருந்து பெரிய வார்த்தை வந்தா, "வெட்டு, வெட்டு"ன்னு சொல்லிட்டே பிரிக்கறா. நானும் கூட உக்காந்து படிக்கறேங்க. எனக்கும் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தானே வரும். ரெண்டு பேரும் தப்புப் பண்ணி ரெண்டு பேரும் சிரிக்கறோம். திங்கக்கிழமை படிச்சது அடுத்த திங்கக்கிழமையும் இருக்குதுங்க. அப்படியே இருக்குது.

இதுவரைக்கும் போன வாரம் எழுதினது. முந்தாநேத்து தனபால் அண்ணன் ஊட்டுக்கு வந்தாரு. நான் கடைக்குப் போயிருந்தேன். அவரு அக்ஷராகிட்டயே, "சீட்டு உறுதி ஆயிருச்சு கண்ணு, உங்கப்பா பேசிட்டாரு. ட்ரங்குப் பொட்டி வாங்கிக்கச் சொல்லு"ன்னுட்டுப் போயிட்டாரு.

நான் வந்து பாத்தா, வில்லையெல்லாம் பொட்டிக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கா. அதுலிருந்து தொடலை. "எப்படியும் அனுப்பத்தானே போறீங்க"ங்கறா.

ஒரு கையில லேபிள் அனுப்பறீங்க, இன்னொரு கையில ட்ரங்குப் பொட்டி அனுப்பறீங்க. எதைங்க நம்பறது அந்தப் புள்ளை?

அமராவதி


மொம்பாசா
6-5-2025

அமராவதி,

நான் தனபாலிடம் சீட்டு போயிராமல் பார்த்துக்கோ என்றுதான் சொன்னேன். பிள்ளையிடம் போய்ச் சொல்லுவான் என்று நினைக்கலை. அவனை விடு. நான் ஏன் அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன் என்று உனக்குச் சொல்லணும்.

எனக்குப் பயம், அமராவதி. வேற ஒண்ணும் இல்லை. இங்கே என்னை விட இருவது வயசு சின்னவன் ஒருத்தன் எனக்கு மேல இருக்கான். துணியைத் தொட்டால் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் மெயில் எழுதுவான். நான் சொல்லுறதை அவன் எழுதி அனுப்புவான், பேரு அவனுக்கு. நீ பதினாறு வயசில் மிசினில் உக்காந்த. நான் பதினேழு வயசில் கோவில்பட்டியில் பஸ் ஏறி வந்து கட்டிங் டேபிளுக்குக் கீழ படுத்துத் தூங்கினேன். நாம பட்டது போதும். என் பிள்ளை எழுதத் தெரியாமல் வந்து நம்ம மிசினிலேயே உக்காந்துருமோ என்று ராத்திரி முழிப்புத் தட்டினால் தூக்கம் வரமாட்டேங்கு.

மே லீவு கேன்சல். ஷிப்மெண்ட் நெருக்குது. ஜூன் ஹாஸ்டல் தொறக்கிறதுக்கு முன்னாடி எப்படியாவது ஒரு முடிவு சொல்லணும். என்னால் நேரில் பார்க்க முடியாது. அதனால் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவளை உக்கார வச்சு, பழக்கி, ஒரு நல்ல பக்கத்தை எழுத வச்சு அனுப்பாதே. அது சாம்பிள். சாம்பிள் எல்லாரும் நல்லாத்தான் அனுப்புவான், பார்த்துப் பார்த்துத் தைச்சு, இஸ்திரி போட்டு அனுப்புவான். அப்புறம் வர்ற சரக்கைப் பார்த்தால்தான் தெரியும். எனக்குச் சரக்கு தெரியணும். எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நான் உன்னை நம்புதேன்.

பாண்டித்துரை


திருப்பூர்
25-5-2025

ஏனுங்க,

உங்க காயிதத்தைப் படிச்சதும் எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. பயம்னு நீங்க என்கிட்டச் சொன்னதே இல்லீங்க. அக்ஷரா என்னன்னு கேட்டா. அந்தப் பக்கத்தை மட்டும் படிச்சுக் காட்டினேன். "அப்பாவுக்கும் எழுதறதுல கஷ்டமா?"ன்னு கேட்டா. ஆமாங்கண்ணுன்னேன். அடுத்த நாள் காலையில நான் எந்திரிக்கறதுக்கு முன்னால வில்லைப் பொட்டி தெறந்து கெடந்துச்சு.

நீங்க சொன்ன மாதிரியே, உங்களுக்கு அனுப்போணும்னு நான் ஒண்ணும் எழுத வெக்கலை. நடந்ததைச் சொல்றேன். போன புதன்கிழமை நான் காதர்பேட்டைக்குத் தெச்ச பீசு குடுக்கப் போயிருந்தேன், போன் என்கூட. அவ தனியா இருந்தா. திரும்பி வந்தா ஊடு பூட்டியிருக்குது. ஹாஸ்டலுக்குப் பயந்துட்டு எங்காச்சும் போயிட்டாளோன்னு கண்டதையும் நெனச்சுட்டேன். எதுத்தூட்டுலயும் யாரும் இல்லை. சாவி எப்பவும் வெக்கற எடத்துல இருந்துச்சு. தெறந்து உள்ள போனா, மிசின் மேல, ஊசிக்குக் கீழ, ஒரு துண்டுக் காயிதம். மிசின் காலை எறக்கி அமுக்கி வெச்சிருக்கா, பறக்காம.

இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. நான் அங்கயே நின்னுட்டு, அவளோட சேந்து படிச்ச மாதிரியே, வெட்டி வெட்டிப் படிச்சேன். மிசின் பெல்ட் அந்துருச்சாம். பொன்னுச்சாமி மாமாவும் அத்தையும் மங்கலம் போறாங்களாம், அவங்க கூடப் போய் பெல்ட் வாங்கிட்டு வர்றாளாம். அஞ்சு மணிக்கு வந்துருவாளாம். கடைசி வரி, கத்தாதே அம்மா.

பொழுதோட வந்தா. கத்தலீங்க. கட்டிப் புடிச்சுட்டேன். அப்புறம் கேட்டேன், எனக்கு எழுதறதுக்கு எதுக்குடி இங்கிலீஷ், தமிழ்ல எழுதினா ஆகாதான்னு. "நீயுந்தானேம்மா படிச்சே, உனக்குப் புரியும்னு தெரியும்"ங்கறா, ஏதோ ஒண்ணுமில்லாத மாதிரி. போய்க் கை கழுவிட்டு டீ கேட்டா.

அந்தத் துண்டுக் காயிதத்தை இதுல வெச்சிருக்கேன். மூணு தப்பு இருக்குது. நான் திருத்தலை, அவளையும் திருத்தச் சொல்லலை. இஸ்திரி போடலை. எண்ணெய்க் கறை மிசின்ல இருந்து பட்டது. நான் அனுப்பறது அவளுக்குத் தெரியாதுங்க. யாரும் கேக்காம, அவளுக்குத் தேவைப்பட்டு, அவளே எழுதினது. நீங்க கேட்ட சரக்கு இதுதான். இனி நீங்க சொல்றபடி.

அமராவதி


மொம்பாசா
2-6-2025

அமராவதி,

கவரைப் பிரிச்சதும் அந்தத் துண்டுச் சீட்டுதான் முதலில் கையில் வந்தது. உன் கடிதத்தை அப்புறம்தான் வாசிச்சேன். எண்ணெய்க் கறையை மோந்து பார்த்தேன். நம்ம வீட்டு வாசம்.

மூணு தப்பு இல்லை, நாலு. ஒண்ணை நீ விட்டுட்ட. கத்தாதே.

அந்த மெயில் எழுதுற பையனிடம் காட்டினேன். உங்க பொண்ணா சார், என்ன படிக்குது என்று கேட்டான். வீட்டில் படிக்குது என்று சொன்னேன். இதை இம்புட்டு நாளா யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துட்டு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு துணி மேல விரிச்ச மார்க்கர் பேப்பரைச் சரி பண்றது மாதிரி நின்னேன்.

தனபாலுக்குப் போன் போட்டேன். சீட்டை வேற பிள்ளைக்குக் குடுத்துரச் சொல்லிட்டேன். ட்ரங்குப் பெட்டி வாங்கியிருந்தால் அதில் துணி வேஸ்ட் போட்டு வை. இதை நீயே பாப்பாவிடம் சொல்லு, தனபாலிடம் விடாதே.

எனக்கு ஒரு வரி எழுது என்று அவளிடம் கேக்காதே. தேவைப்பட்டால் எழுதுவா. அதுவரைக்கும் இந்தச் சீட்டு போதும். கட்டிங் டேபிள் மேல கண்ணாடிக்கு அடியில் வச்சிருக்கேன், வெட்டும்போதெல்லாம் தெரியும்.

பதினெட்டாம் தேதி டிக்கெட் போட்டாச்சு, இந்தத் தடவை கேன்சல் ஆகாது. அடுத்த லெவல் புத்தகம் வாங்கியிருந்தால் அட்டையைத் தொடாமல் வை. அந்தப் பிளேடு வேலையை நான் வந்து பண்ணுதேன்.

எல்லாப் பீசும் இருக்கு அமராவதி. நான் ஒருத்தன்தான் குறை. வாரேன்.

பாண்டித்துரை